அமைச்சருக்கு முதல் கிண்ணம்

3.3.87, செவ்வாய்

முசியே ஹான் வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கி மூன்று கிழமை. ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் எங்கள் கட்டடத்திலேயே மூன்றாம் மாடியில் இருக்கிறார். நாங்கள் ஐந்தாம் மாடி. மெத்ரோ வேண்டாம், மழைக்கோட்டு வேண்டாம், இரண்டு மாடி இறங்கினால் போதும். இப்படி ஒரு வேலை லா சப்பலில் வேறு ஒருத்திக்கும் கிடைக்காது என்று என் மனுசன், இவர், சொல்லிக்கொண்டே இருக்கிறார். ரெஸ்ரோறன்ரில் நாள் முழுக்கக் கோப்பை கழுவுகிற மனுசனுக்கு யாருடைய வேலையும் சுகமாகத்தான் தெரியும்.

கிழவருக்கு எண்பது தாண்டிவிட்டது. கொரியாக்காரர். வாலிபத்தில் படிக்க வந்தவராம். அப்போது அவருடைய நாட்டை யப்பான்காரன் வைத்திருந்தான். பிறகு யுத்தம். பிறகு நாட்டை இரண்டாகப் பிரித்தபோது அவருடைய ஊரும் முன்னோரின் கல்லறைகளும் வடக்குப் பக்கம் போய்விட்டன. இனிப் போக முடியாது. இதையெல்லாம் என்னவோ பஸ் தவறவிட்ட கதை மாதிரிச் சொன்னார்.

யோகராணி என்ற என் பெயரில் ராணி என்றால் என்னவென்று கேட்டார். சொன்னேன். அன்று தொடக்கம் நான் மதாம் ராணி. அமைச்சர் வீட்டுக்கு ராணியே வந்து சட்டி கழுவுகிறாளாம். எந்த அமைச்சர் என்று நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் பின்னேரம் முழுக்கப் போய்விடும் என்று முகத்திலேயே தெரிகிறது.

20.3.87, வெள்ளி

கேட்டேன். பின்னேரம் முழுக்கப் போனது.

அமைச்சர் கிழவருடைய பூட்டன். அரச பரீட்சையில் முதலாவதாக வந்தவர், அரசர் பேசுவதைப் பக்கத்தில் இருந்து எழுதியவர், பிறகு அமைச்சரானவர். பஞ்சத்திலும் சனத்திடம் வரி பிடுங்குகிறார்கள் என்று அரசருக்கு விண்ணப்பம் எழுதினார். எழுதி அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கவில்லை. அரண்மனை வாசலில் பாய் விரித்து, விண்ணப்பத்தை முன்னால் வைத்து, பக்கத்தில் ஒரு கோடாலியையும் வைத்துக்கொண்டு முழங்காலில் இருந்தாராம். எழுதியது பிழையென்றால் இதாலேயே என் தலையை வெட்டுங்கள் என்று அர்த்தம். தலை தப்பியது. ஒரு தீவுக்கு நாடு கடத்தி, வீட்டைச் சுற்றி முள்வேலி நட்டு, வெளியே வராமல் வைத்தார்கள்.

"எங்கட அப்பாவும் பெட்டிசம் எழுதினவர்தான்" என்றேன். அப்பா யாழ்ப்பாணம் அரசாங்கக் கச்சேரிக்கு எதிரே மேசை போட்டுக்கொண்டு, காணிச் சண்டைக்கும் பென்சனுக்கும் சனத்துக்கு மனு எழுதிக் கொடுத்தவர். பக்கத்தில் கோடாலி இல்லை, வெற்றிலைப் பெட்டிதான். நான் பகிடிக்குத்தான் சொன்னேன். கிழவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று எனக்குத் தலை குனிந்தார்.

"அப்ப நீங்களும் எழுதிற ஆக்களின்ரை பிள்ளை" என்றார். பிரெஞ்சில்தான் சொன்னார். என் காதில் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழிலேயே பேசுகிறார்கள், நான் என்ன செய்ய.

அப்பாவின் தொழிலுக்கு இதுவரை ஒருவரும் எழுந்து நின்றதில்லை. மேலே வந்து இவரிடம் சொன்னேன்.

12.4.87, ஞாயிறு

மகள் மார்கிரட் வந்தாள். லெ பிளாங்-மெனிலில் பள்ளிக்கூட ரீச்சர், என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். தாய் பிரெஞ்சுக்காரி, இப்போது இல்லை. இவள் ஒரே பிள்ளை.

கிழவர் அவளிடம் ஒரு சேதி சொன்னார். சியோலில் இருக்கிற தம்பியின் மகனைத் தத்தெடுக்கப் போகிறாராம். ஆண் பிள்ளை இல்லாத வீட்டில் அப்படித்தான் வழக்கமாம். சகோதரன் வழியில் ஒருவனை மகனாக்கினால்தான் முன்னோருக்குப் படைக்க ஆள் இருக்கும். படையலில் முதல் கிண்ணம் ஊற்றுகிறவன்தான் அந்த வீட்டுக்கு வாரிசு. மகள் ஊற்றினால் அது சேராது.

மார்கிரட் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி, "அப்ப நான் ஆர், பப்பா?" என்று மட்டும் கேட்டாள். நான் குசினிக்குள் போய்க் கழுவி வைத்த கோப்பைகளைத் திரும்பக் கழுவினேன். எனக்கேன் கோபம் வந்தது? நானும் ஒற்றைப் பிள்ளை, அதுவாக இருக்கும்.

9.5.87

கத்தரிக்காயைப் பால்கறியாக வைத்துக் கொடுத்தேன். உறைப்பு எங்கே என்று கேட்கிறார். இவ்வளவு நாளும் கிழவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று பயந்து பயந்து சமைத்தது வீண். நாளையிலிருந்து எங்கள் தூள்தான்.

5.7.87, ஞாயிறு

இன்று அமைச்சர் இறந்த நாள். அவர்களும் சந்திரனைப் பார்த்துத்தான் நாள் எடுக்கிறார்கள், எங்கள் திதி மாதிரி வருடா வருடம் திகதி நகருமாம்.

மிளகாய் போடாதே, உள்ளி போடாதே, ருசி பார்க்காதே என்று நேற்றே சொன்னார். கடைசியை எனக்குச் சொல்லத் தேவையில்லை. படையலுக்கு வைக்கிறதை நாங்களும் உப்புப் பார்ப்பதில்லை. சோறு, சூப், மீன், இறைச்சி, கீரை எல்லாம் சரியாக வந்தது. பழம் மட்டும், "நல்லதாப் பாத்து வாங்குங்கோ" என்று என் பொறுப்பில் விட்டிருந்தார். ஸ்டாலின்கிராட் மெத்ரோவடியில் கடைக்காரனோடு வாதாடி, ஒன்றில்கூடக் காயமில்லாத பீச் பழமாகப் பொறுக்கி, தட்டில் அடுக்கி மேசைக்கு நடுவில் வைத்தேன். எவ்வளவு பெருமை எனக்கு.

மார்கிரட்டும் வந்திருந்தாள். கிழவர் வெள்ளை உடுப்போடு வந்தார். தூரிகையால் அமைச்சரின் பெயர் எழுதிய கடதாசியைச் சுவரோரம் நிறுத்தினார். வாசல் கதவைத் திறக்கச் சொன்னார். அமைச்சர் உள்ளே வர வேண்டுமல்லவா. பிறகுதான் மேசையைப் பார்த்தார்.

பீச் மரத்துக்கு ஆவிகள் கிட்ட வராதாம். அதன் கொப்பை வைத்தே பேய் ஓட்டுவார்களாம். எங்களுக்கு வேப்பிலை எப்படியோ அப்படி. வேப்பிலைக் கட்டை நடுவில் வைத்துவிட்டு, வாருங்கோ சாப்பிடுங்கோ என்று கூப்பிட்டிருக்கிறேன்.

மார்கிரட் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். கிழவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. "வாசல் மட்டும் வந்திட்டுத் திரும்பியிருப்பார்" என்றார், அவ்வளவுதான். மதுப் போத்தலைப் பிடித்த கை நடுங்கியது. "நான் ஊத்தட்டே?" என்று மார்கிரட் கை நீட்டினாள். "வேண்டாம்." பாதி கிண்ணத்திலும் பாதி துணியிலுமாக அவரே ஊற்றினார். கடைசியில் பெயர் எழுதிய கடதாசியை எரித்தார்.

வடக்கே கிடக்கிற கல்லறைக்கு அவரால் போக முடியாது. வருடத்தில் ஒரு நாள் அமைச்சர்தான் இங்கே வர வேண்டும். அந்த ஒரு நாளை நான் கெடுத்துவிட்டேன்.

8.7.87

பீச் பழத்தை இவர் சாப்பிட்டு முடித்தார். நல்ல இனிப்பாம். எனக்கு இறங்கவில்லை.

22.9.87, செவ்வாய்

கிழவர் கோபம் வைத்திருக்கவில்லை. இன்றைக்கும் தீவுக் கதைதான். முள்வேலிக்குள் இருந்துகொண்டே அமைச்சர் மீன்களைப் பற்றி ஒரு நூல் எழுதினாராம். கடலைப் பார்க்கவே முடியாதவருக்கு மீன் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அமைச்சரின் மகள் கடற்கரைக்குப் போய் வாங்கி வந்து காட்டுவாளாம். அவள்தான் கடைசி வரைக்கும் வேலிக்குள் கூட இருந்தவள்.

"அவவின்ரை பேரென்ன?"

"தெரியாது. குடும்பப் புத்தகத்திலை பொம்பிளைப் பிள்ளையின்ரை பேர் எழுதிற வழக்கமில்லை. மருமகன்ரை பேர்தான் இருக்கு."

"சோறு சமைச்சது மருமகனோ?"

வாய் முந்திவிட்டது. வேலை போகப் போகிறது என்று நினைத்தேன். கிழவர் யன்னலால் கீழே ரயில் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தேத்தண்ணி கேட்டார்.

25.11.87, புதன்

அப்பா போய்விட்டார். போன மாதமே போய்விட்டார். ஊரில் சண்டை, சேதி வர வழியில்லை. கொழும்பிலிருந்து சித்தப்பா இன்றைக்குத்தான் ரெலிபோன் எடுத்தார். நெஞ்சு நோகுது என்றாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. சுடலைக்கும் கொண்டுபோக முடியாமல் வளவுக்குள்ளேயே எரித்தார்களாம். கொள்ளி வைத்தது பக்கத்து வீட்டுக்காரர்.

நான் இஞ்சை கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு இருந்திருக்கிறன். அண்டைக்கு என்ன சமைச்சன்? ஆரோடை சிரிச்சன்? அப்பா —

29.11.87, ஞாயிறு

கதவு தட்டிக் கேட்டது. முசியே ஹான். கறுப்புக் கோட்டு, கழுத்துப் பட்டி, மார்கிரட்டின் தோளில் கை. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டு மாடி ஏறி வந்திருக்கிறார், மூச்சு வாங்குகிறது. இவர் கதிரை எடுத்துப் போட்டார். கிழவர் இருக்கவில்லை. அப்பாவின் படத்துக்கு முன்னால் முழங்காலில் இறங்கி, நெற்றி நிலத்தில் பட இரண்டு தரம் விழுந்து கும்பிட்டார். இவர் பதறிப்போய்ப் பிடிக்கப் போனார். மார்கிரட் மறித்தாள்.

"முதல் கிண்ணம் ஊத்தினது ஆர்?" என்று கேட்டார். எங்களிடம் கிண்ணம் இல்லை, நெருப்புத்தான், அதைப் பக்கத்து வீட்டுக்காரர் வைத்தார் என்றேன்.

"நீங்கள் அங்கை இருந்திருந்தால்?"

"இருந்தாலும் விடமாட்டினம். எங்கட பக்கத்திலை பொம்பிளையள் கொள்ளி வைக்கிறேல்லை, சுடலைக்கும் போறேல்லை."

"ஒரே பிள்ளை எண்டாலுமோ?"

"ஓம்."

மார்கிரட் என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். போகும்போது கிழவர் படியில் நின்று, திரும்பி அப்பாவின் படத்தை இன்னொருமுறை பார்த்தார். கச்சேரி வாசலில் மனு எழுதியவருக்கு அமைச்சர் வீட்டிலிருந்து வந்து விழுந்து கும்பிட்டிருக்கிறார்கள். அப்பா, உங்களுக்குத் தெரியுமோ?

17.1.88, ஞாயிறு

சியோல் பெறாமகன் ரெலிபோன் எடுத்தார். அவர் கிறிஸ்தவ சபையில் சேர்ந்துவிட்டாராம். மகனாக வரச் சம்மதம், ஆனால் செத்தவர்களைக் கும்பிட மாட்டாராம். கிழவர் மரியாதையாகப் பேசி ரெலிபோனை வைத்தார். பிறகு, "என்னோடை முடியட்டும்" என்றார். அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

7.2.88, ஞாயிறு

கிழவரை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். நெஞ்சில் சளி. உறைப்புச் சூப் கொண்டுபோனேன், இரண்டு வாய் குடித்தார். மார்கிரட்டைக் கட்டிலுக்குக் கிட்ட வரச் சொன்னார். நான் எழுந்தேன், என்னையும் இருக்கச் சொன்னார்.

"அமைச்சர் போன வருசம் வாசலோடை திரும்பிப் போனவர். இந்த வருசம் பசியோடை வருவார். முதல் கிண்ணம் நீ ஊத்து."

"நான் ஊத்தினால் சேராது எண்டனீங்கள், பப்பா."

"மேல் வீட்டு எழுத்துக்காரருக்கு அயலவன் நெருப்பு வைச்சவன். பிள்ளை இருக்கேக்கை அயலவன். அது எனக்கு வேண்டாம்."

மார்கிரட் சத்தமில்லாமல் அழுதாள். நானும்தான். கிழவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "பழம் வாங்கிறதை மட்டும் ராணியின்ரை கையிலை விட்டுவிடாதை" என்றார். அழுதுகொண்டே சிரித்தோம்.

2.3.88

முசியே ஹான் விடியற்காலையில் போய்விட்டார்.

10.4.88, ஞாயிறு

இப்போது ரூ துய் பக் தெருவில் ஓர் அலுவலகம் கூட்டுகிறேன். வெள்ளைக்காரர்கள் நல்லவர்கள்தான், ஒருவரும் கதை சொல்வதில்லை. வேலை முடிந்து படியேறி வரும்போது மூன்றாம் மாடியில் கால் தானாக நின்றுவிடுகிறது. அந்தப் பின்னேரங்கள். யன்னலுக்குக் கீழே ரயில் போகும், கண்ணாடி அதிரும், கிழவர் கதையை நிறுத்தி ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்தே தொடங்குவார். அமைச்சர் இன்னும் அரண்மனை வாசலில் முழங்காலில்தான் இருப்பார். அப்போது எனக்கு அடுப்பில் சட்டி கருகும், மனம் எழும்பாது. நான் பிறந்த ஊரைப் பற்றிக்கூட இவ்வளவு ஏங்கியதில்லை. இரண்டு மாடி கீழே இருக்கிற ஒரு வீட்டுக்காக ஏங்குகிறேன், யாரிடம் சொல்வது.

23.7.88, சனி

மார்கிரட் மூன்றாம் மாடி வீட்டை இன்னும் விடவில்லை, இந்த நாளுக்காகவே வைத்திருந்தாள். காலையிலிருந்து இருவரும் சமைத்தோம். மிளகாய் இல்லை, உள்ளி இல்லை, ருசி பார்க்கவில்லை. பழத்துக்கு ஆப்பிளும் பெயார்ஸும். கடையில் பீச் பழம் இருந்த பக்கம் நான் திரும்பியும் பார்க்கவில்லை.

தகப்பனின் எழுத்து அவளுக்கு வராது. அமைச்சரின் பெயரைப் பிரெஞ்சு எழுத்திலேயே எழுதினாள். அடுத்த கடதாசியில் தகப்பனின் பெயர். மூன்றாவதில், தீவில் கூட இருந்த மகள் என்று எழுதினாள். பெயர் தெரியாதவளுக்கு வேறென்ன எழுதுவது. பிறகு நான்காவது கடதாசியையும் பேனையையும் என் பக்கம் தள்ளினாள்.

"எனக்கேன்?"

"பப்பா கும்பிட்ட மனுசன். அவரை விட்டுட்டு அமைச்சரை மட்டும் எப்பிடிக் கூப்பிடுறது?"

சின்னத்தம்பி அருளம்பலம், பெட்டிசம் எழுதுநர் என்று தமிழில் முழுதாக எழுதினேன். அப்பாவின் எழுத்துப் போல வரவில்லை, ஆனாலும் பரவாயில்லை.

வாசல் கதவைத் திறந்து வைத்தோம். மார்கிரட் அமைச்சருக்கு முதல் கிண்ணம் ஊற்றினாள். அவள் கை நடுங்கவில்லை, துணியில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. தகப்பனுக்கும் அந்த மகளுக்கும் ஊற்றிவிட்டுப் போத்தலை என்னிடம் தந்தாள். அப்பா குடிப்பதில்லை. தேத்தண்ணி ஊற்றினேன், சீனி கூட. அவர்கள் சாப்பிடும்போது பார்க்கக்கூடாது, அதனால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். ரயில் போனது, கண்ணாடி அதிர்ந்தது. ஒருவரும் திரும்பவில்லை.

பிறகு கடதாசிகள். மூன்றை அவள் எரித்தாள். நான்காவதை என் கையில் தந்து தீப்பெட்டியை நீட்டினாள்.

நான் வைத்தேன். அப்பாவின் பெயர் ஓரத்தில் பிடித்து, பெட்டிசம் என்ற சொல் கடைசியாக எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இல்லை, நான்.

24.7.88, ஞாயிறு

இவரைச் சந்தைக்கு அனுப்பிப் பீச் பழம் வாங்கி வரச் சொன்னேன். சாப்பிட வந்தவர்கள் இதற்குள் திரும்பிப் போயிருப்பார்கள். மார்கிரட்டும் மேலே வந்தாள். மூன்று பேருமாக இருந்து சாப்பிட்டோம். நல்ல இனிப்பு.