காலி பீக்கரையும் ஒரு தடவை பார்

அன்பு வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. உடம்புக்கு இங்கே இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை, உனக்கும் அப்படியே இருக்க வேண்டும். மனசுதான் சரியில்லை. அப்பா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, சாப்பிட வாருங்கள் என்றால் சுவரைப் பார்த்துத் தலையாட்டுகிறார். நீயும் போனை வைத்தவள் மறுபடி எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன், கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கடைசி வரை படி.

சரிபார்க்கச் சொல்லி உங்கள் ஆய்வகம் எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பிய சதுப்பு மண் குழாயின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததுமே, இது என் பெண்ணுடையது என்று எங்கள் தலைமை மேடத்திடம் சொல்லிவிட்டேன். நீங்களும் செய்யுங்கள், இன்னொருவரும் தனியாகச் செய்யட்டும் என்றார். அந்த இன்னொருவருடைய வேலை இன்னும் முடியவில்லை. நீ சொன்ன அதே ஆழத்தில் ஒரு துண்டு வெட்டி உலையில் எரித்தேன். மிஞ்சிய ஒரு சிட்டிகையை அமிலத்தில் கழுவி, சல்லடைத் துணியில் சலித்து, கனமான திரவத்தில் மிதக்கவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். உலைச் சூட்டில் ஏதாவது கெட்டிருக்குமோ என்று இன்னொரு துண்டை எரிக்காமல் அமிலத்திலேயே கொதிக்கவிட்டும் பார்த்தாயிற்று. மணல் இருக்கிறது. எரிமலைச் சாம்பலின் கண்ணாடித் துகள் மருந்துக்குக்கூட இல்லை. நீயோ கொத்துக் கொத்தாகக் கண்டதாகச் சொல்கிறாய், யாருக்கும் தெரியாத ஒரு வெடிப்பு என்று வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அறிவிக்கப் போகிறாய். உன் வேலை நிலைப்பதே அதை நம்பித்தான் என்று எனக்குத் தெரியாதா?

உங்கள் ஆய்வகத்தில் சல்லடைத் துணியைத் தூக்கிப் போடாமல் கழுவிக் கழுவிப் பயன்படுத்துகிறார்கள், உனக்கு முன்னால் ஒருவர் எரிமலைச் சரிவில் அள்ளிய சாம்பலையே அதில் சலித்தார் என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னாய். அன்றைக்குச் சிரித்தேன். அதனால்தான் போனில் கேட்டேன், மண்ணே போடாத காலி பீக்கர் ஒன்றை அதே அமிலம், அதே துணி வழியாக நடத்திப் பார்த்தாயா என்று. அம்மாவே என்னை நம்பவில்லையா என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாய். உன்னை நம்புகிறேனடி, பழைய சாம்பல் ஒட்டியிருக்கக்கூடிய அந்தத் துணியைத்தான் நம்பவில்லை. அப்பாவுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை, பெற்ற பெண்ணின் காலை வாரிவிடவா இந்த வேலைக்குப் போகிறாய் என்று கேட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் காலி பீக்கர் சோதனையைச் செய். காலி பீக்கரிலும் துகள் தெரிந்தால் நீயே எழுந்து நின்று சொல்லிவிடு, வேறொருவர் சொல்லி நீ தலைகுனிந்து நிற்பதை என்னால் தாங்க முடியாது. ஒன்றும் தெரியாவிட்டால் நான்தான் எங்கேயோ கோட்டைவிட்டேன் என்று மேடத்திடம் சந்தோஷமாகச் சொல்வேன். என் வேலை தப்பாக இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொள்வது இதுதான் முதல் தடவை.

இதை மடிக்கும்போது அப்பா வந்து வாங்கிப் படித்தார். காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷன், படித்ததை மடித்து என் கையில் கொடுத்தார். பிறகு, "எல்லாரும் எறங்கியாச்சுன்னு தெரிஞ்சாலும் கடைசி சீட்டு வரைக்கும் போய்ப் பாத்துட்டுத்தான் நான் வண்டியப் பூட்டுவேன். அவளையும் பாக்கச் சொல்லு" என்றார். சுவரைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து.

பீக்கரில் எது இருந்தாலும் எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு உண்டு. அமிலத்தில் கை வைக்கும்போது கையுறையை மறக்காதே. பார்த்து முடித்ததும் முதல் போன் எனக்கு, எந்த நேரமானாலும் எடுப்பேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா