நாய் அறிக்கையும் கீழே ஒரு பக்கமும்

பிப்ரவரி 9

இந்த நோட்டு மேற்கோள்கள் எழுதிவைக்க வாங்கியது. முதல் நான்கு பக்கம் அந்த ஒழுங்கில்தான் இருக்கிறது. ஐந்தாம் பக்கத்திலிருந்து என் சொந்தப் புலம்பல் தொடங்குவதற்கு நோட்டு என்னை மன்னிக்க வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. வந்திருந்தால் இன்று என் தலையில் ஒரு நாய் விழுந்திருக்காது.

ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை என் நெறியாளர் மேடத்திடம் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. இருபத்திரண்டு பக்கம். அவர் படித்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஏப்ரல் 15க்குள் ஒப்படைக்க முடியும். தவறினால் இன்னொரு வருடம். அப்பா லாரி ஓட்டுகிறவர். போகிற ஊரெல்லாம் "பொண்ணு இந்த வருஷத்தோட முடிச்சிடும்" என்று சொல்லிவைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள் நான். தவறினால் அவர் எத்தனை டீக்கடையில் மறுப்பு வெளியிட வேண்டுமோ.

எனவே இன்று துணிந்து துறைக்குப் போனேன். "மேடம், அந்த அத்தியாயம் பாத்தீங்களா" என்று வழியெல்லாம் ஒத்திகை. கதவைத் திறந்ததும் மேடத்தின் முகம் மலர்ந்தது.

"நல்லவேளை, நீயே வந்துட்ட. உனக்கு நாய்னா பயமில்லையே?"

பயம்தான். அதைச் சொல்லவும் வாய் வரவில்லை.

வெளிநாட்டில் மகளுக்குப் பிரசவம். நாளை மறுநாள் கிளம்புகிறார், இரண்டு மாதம். சர்க்கரைக்கு நடக்கச் சொன்ன டாக்டரின் பேச்சைக் கேட்டுப் போன மாதம்தான் அந்த நாயை வாங்கினாராம். அது நடக்கவில்லை, ஓடியது. மேடம் நடையையும் விட்டுவிட்டார், நாயையும் பார்ப்பதில்லை. விடுதியில் நாய்க்கு அனுமதி இல்லை என்றேன், மெதுவாக. அதனால்தான் நீ என் வீட்டில் வந்து இரு என்கிறார், பெருந்தன்மையாக.

"சரி மேடம்."

இந்த இரண்டு சொல்லை யாராவது என் நாக்கிலிருந்து பிடுங்கி எறிந்தால் அவர்களுக்குக் கோடி புண்ணியம்.

பிப்ரவரி 11

சாவி, நாய், நான்கு பக்க அறிவுரை மூன்றும் கைமாறின. நான்கு பக்கம்! தண்ணீர் எத்தனை முறை, காதை எந்தத் துணியால். என் முதல் அத்தியாயத்துக்கு அவர் எழுதிய மொத்தக் கருத்து: "பரவாயில்லை."

அறிவுரை எண் 14: நாயைச் சோபாவில் ஏற விடக் கூடாது. எண் 15: புத்தகங்களைத் தொடக் கூடாது. எண் 23: தினமும் மாலை ஏழு மணிக்குள் மின்னஞ்சலில் நாய் அறிக்கை அனுப்ப வேண்டும்.

நாயின் பெயர் சக்கரவர்த்தி. ஒல்லி உடம்பு, நீளக் கால், ஒரு காது மட்டும் நிமிர்ந்திருக்கும். அந்தப் பெயருக்கு அது திரும்பியே பார்ப்பதில்லை. நாள் முழுக்க என் காலடியில் கிடக்கிறது. நான் 'அடிக்குறிப்பு' என்று கூப்பிடுகிறேன். அதற்கும் திரும்பவில்லை. சரி, கொள்கை உள்ள நாய்.

பிப்ரவரி 12

ஓடினேன். தவறு. இழுத்துச் செல்லப்பட்டேன். முட்டி போயிற்று.

பிப்ரவரி 15

காலை ஐந்தரைக்கு ஏரியைச் சுற்றும் பாதையில் பக்கத்துக் கட்டடத்துப் பல் டாக்டரும் ஓடுகிறார். அவர் ஓடுவதைவிட ஓட்டத்துக்குத் தயாராவதைப் பார்க்க வேண்டும். தலையில் பட்டை, முட்டியில் உறை, கையில் இதயத்தை எண்ணும் கடிகாரம். என்னைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து, "மூக்கால மூச்சு விடும்மா, வாயத் தொறக்காத" என்றார்.

பல் டாக்டர் வாயைத் திறக்காதே என்று சொல்லிக் கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். எனக்கு அது தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டிய விஷயமும் இல்லை.

பிப்ரவரி 19

அம்மா போனில்: "நாய் பாக்கறதுக்கா உன்ன இவ்ளோ தூரம் படிக்க அனுப்பினோம்? அத இங்கயே பாத்திருக்கலாமே, தெருவுல நாலு கெடக்கு."

அவள் சொன்னதில் பிழை இல்லை.

பிப்ரவரி 23

எண் 14ஐ நாய் மீறிவிட்டது. எண் 15ஐ நான்.

கூடத்தில் தரையிலிருந்து கூரைவரை புத்தகம். நான் சத்தமாகப் படித்தால் அது சோபாவில் வந்து சாய்ந்து படுக்கிறது. நிறுத்தினால் ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிறது. அத்தனை வருட வகுப்பில் என் குரலை யாரும் இப்படிக் கேட்டதில்லை. வகுப்பில் "என்னம்மா, சத்தமா" என்பார்கள். இது ஒன்றும் சொல்வதில்லை.

பதினேழு புத்தகம் புரட்டியதில் ஒன்று தெரிந்தது. மேடத்தின் பென்சில் கோடுகள் எல்லாவற்றிலும் உண்டு. அழகான கோடுகள், ஓரத்தில் கூர்மையான கேள்விகள். எல்லாமே பத்துப் பன்னிரண்டு பக்கத்தோடு நின்றுவிடுகின்றன. அதற்குப் பிறகு வெள்ளை வெளேர்.

என் அத்தியாயம் இருபத்திரண்டு பக்கம்.

மார்ச் 2

அறிக்கை எண் 20ல் "நாய் நன்றாக இருக்கிறது" என்று எழுதினேன். ஒன்பதே நிமிடத்தில் பதில்: "நன்றாக என்றால் எப்படி? எத்தனை முறை வெளியே போனான்? மலம் கெட்டியா இளகலா? பொத்தாம்பொதுவாக எழுதாதே."

ஒன்பது நிமிடம்! நாயாகப் பிறந்திருந்தால் போன நவம்பரிலேயே எனக்குப் பட்டம் கிடைத்திருக்கும்.

பதிலுக்குக் கீழே "மேடம், அத்தியாயம்" என்று தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். அழித்தேன். ச்சே. என்னதான் பயம் எனக்கு? கடிச்சா வெச்சிடுவாங்க? கடிக்கிற வேலைக்குப் பல்லோட ஒண்ணு இங்கயே இருக்கு, அதுகூட என்னைக் கடிக்கல.

மார்ச் 8

விடுதி அறைத்தோழி வந்தாள். இவளுக்கு நான் வைத்த பெயர் ரேடியோ. அணைக்கிற பொத்தான் இல்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், நாயைக் கொஞ்சினாள், மேடத்தின் நாற்காலியில் உட்கார்ந்து மேடம்போல் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"உன் ஆராய்ச்சி எதப்பத்தி?" என்றாள், தெரிந்துகொண்டே.

பழைய மனுக்களைப் பற்றி. நூறு வருடத்துக்கு முன் தெருவிளக்கு வேண்டும், குழாய் வேண்டும் என்று அதிகாரிகளுக்கு ஜனங்கள் எழுதியவை. பயந்துகொண்டே, மூன்று பக்கம் புகழ்ந்துவிட்டு, ஒரு வரி கேட்பார்கள்.

"அவங்களாவது மூணு பக்கம் கழிச்சுக் கேட்டாங்க. நீ?"

நாய்க்குத் தண்ணீர் வைத்தேன். அது ஏற்கெனவே குடித்திருந்தது.

மார்ச் 13

பெரிய அபத்தம் ஒன்று நடந்துவிட்டது.

அவசரத்தில் அறிக்கை எண் 31ன் கீழே, நகலெடுத்து வைத்திருந்த அத்தியாயத்தின் முதல் பக்கம் ஒட்டிக்கொண்டு போய்விட்டது. அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். மன்னிப்பு எழுதிக்கொண்டிருக்கும்போதே பதில் வந்துவிட்டது. அப்படியே இங்கே:

"காலையில் ஒருமுறைதானா? தண்ணீரைக் கூட்டு. இரண்டாவது பத்தியில் 'மக்கள் அஞ்சினர்' என்பதற்கு ஆதாரம் எங்கே? ஒரு மனுவையாவது காட்டு. மூன்றாவது பத்தி வளவள. காதில் நாற்றம் இருக்கிறதா பார்."

நான்கு தடவை படித்தேன். ஒவ்வொரு திருத்தமும் சரி. அருமையான திருத்தம். ஆனால் அது அத்தியாயம் என்று அவருக்குத் தெரியவில்லை! ஏழு மணிக்கு வரும் எதையும் நாயோடு சேர்த்துத் திருத்திவிடுகிறார்.

மார்ச் 14

ரேடியோவிடம் சொன்னேன். அவள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். பிறகு: "இன்னும் இருபத்தோரு பக்கம். இருபத்தோரு நாள். கணக்கு சரியா வருதேடி."

அது ஏமாற்று இல்லையா? திருத்துவது அவர் வேலை. அவர் வேலையைத்தான் அவர் செய்யப் போகிறார். தெரியாமல் செய்வார், அவ்வளவுதான். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டாம் பக்கம் அனுப்பினேன். பதினோரு நிமிடம்.

மார்ச் 20

எட்டாம் பக்கம். "வாலில் புண் ஆறிவிட்டதா? முடிவுரையை இவ்வளவு சீக்கிரம் சொல்லாதே."

ரேடியோவின் பழைய ஓட்டக் காலணி எனக்குக் கொஞ்சம் பெரிது. பஞ்சு திணித்து ஓடுகிறேன். இன்று ஏரியை நிற்காமல் இரண்டு சுற்று. நாய் திரும்பித் திரும்பிப் பார்த்து எனக்காக வேகத்தைக் குறைத்தது. அப்படி யாரும் எனக்காகக் குறைத்துக்கொண்டதில்லை. பல் டாக்டர் குறைப்பது வேறு. அவர் அறிவுரை சொல்வதற்காகக் குறைப்பார்.

மார்ச் 24

பல் டாக்டரைத் தாண்டினோம். அவர் கடிகாரம் கீச்சிட்டது. பழுதாகிவிட்டது என்று அதைத் தட்டிக்கொண்டே நின்றார்.

மார்ச் 28

பதினாறாம் பக்கத்துக்குப் பதில்: "அறிக்கைகள் நீண்டுகொண்டே போகின்றன. தேவையற்றதை நீக்கு."

கண்டுபிடித்துவிட்டாரா? ஒரு வருஷம் போச்சு, அப்பா மூஞ்சியில எப்படி முழிக்கறது, நான் ஏன் நேரா கேட்கல, ஏன், ஏன் -

ரேடியோ நிதானமாகச் சொன்னாள், தேவையற்றது நாய்தான் என்று.

மார்ச் 29

நாய்க்கு ஒரே வரி. கீழே பதினேழாம் பக்கம். பதில்: "இப்போது சரியாக இருக்கிறது."

ஏப்ரல் 3

இருபத்திரண்டாம் பக்கம். "இது தெளிவு. அவனுக்கு நகம் வெட்டு." முடிந்தது. நகம் வெட்டினேன். அது கையைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டது, ஊசிக்குக் கை நீட்டும் அப்பாவைப் போல.

ஏப்ரல் 10

மேடம் வந்துவிட்டார். பேரனின் படங்களைக் காட்டி முடித்து, "ஆமா, உன் கடைசி அத்தியாயம் எங்க? நீ இன்னும் தரவே இல்லயே" என்றார்.

நவம்பரில் கொடுத்தேன் என்று சொல்ல வாய்... வரவில்லை. திருத்திய பிரதியை நீட்டினேன். அங்கேயே, நின்றபடியே, பென்சிலோடு படித்தார். பன்னிரண்டாம் பக்கத்தைத் தாண்டினார். கடைசிப் பக்கத்தில் நிமிர்ந்தார்.

"அடேங்கப்பா. நான் என்ன நெனைப்பேனோ அப்படியே எழுதியிருக்க. திருத்த ஒண்ணுமே இல்ல."

இருக்காதுதான்.

கையெழுத்துப் போட்டார். பிறகு நாயைப் பார்த்தார். இளைத்துவிட்டது என்றார். டாக்டர் இப்போது நீச்சல் சொல்லியிருக்கிறாராம், இனி நாய் எதற்கு? தம்பியின் குடோனில் காவலுக்குக் கட்டிப்போடப் போகிறார்கள். சனிக்கிழமை வண்டி வரும்.

கட்டிப்போட. அதை.

"வேற ஏதாவது வேணுமாம்மா?"

"ஒண்ணுமில்ல மேடம்."

ஏப்ரல் 11

ஒப்படைத்துவிட்டேன். அலுவலக எழுத்தர் முத்திரை குத்தி ரசீது கொடுத்தார். அப்பா போனில் பேசவே இல்லை. லாரியின் ஹாரனை நீளமாக அடித்தார்.

விடுதியில் என் கட்டில். காலடியில் யாரும் இல்லை. ஒரு பக்கம்கூடப் படிக்க முடியவில்லை.

இதற்கு எந்த அறிக்கையின் கீழே எதை ஒட்டி அனுப்ப முடியும்?

ஏப்ரல் 12

காலை தனியாக ஓடினேன். பல் டாக்டர் முதல்முறையாக அறிவுரை சொல்லவில்லை. "எங்க அவன்?" என்றார். சொன்னேன். சேர்ந்து கொஞ்ச தூரம் ஓடிவிட்டு, "கேட்டுப் பாத்தியா?" என்றார்.

எல்லோருக்கும் இது ஒன்றுதான் கிடைக்கிறது என்னிடம் கேட்க.

அம்மாவுக்குப் போன் செய்து, ஊருக்கு வரும்போது ஒரு நாயைக் கூட்டி வரலாமா என்றேன். திட்டுவாள் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"அது என்னா திங்கும்?" என்றாள்.

ஏப்ரல் 14

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. லாரி ஒவ்வொரு பள்ளமாக விசாரித்துக்கொண்டு போகிறது. அப்பா ஓட்டுகிறார். எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவன் ஜன்னல் பக்கம் வேண்டும் என்று என் மடியை மிதித்துக்கொண்டே இருக்கிறான். "ஆய்வேடு எழுதின பொண்ணுக்கு இவ்ளோதான் மரியாதையா" என்கிறார் அப்பா, அவனிடம்.

நேற்று நடந்ததை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். சனிக்கிழமை, ஒன்பது மணிக்கு வண்டி வரும் என்று தெரியும். எட்டரைக்கு மேடத்தின் வாசலில் நின்றேன். ஒத்திகை எதுவும் பார்க்கவில்லை. மணியை அடித்துவிட்டு ஓடிவிடலாமா என்று கால் துடித்தது. இரண்டு மாதத்தில் கால்தான் நன்றாகத் தேறியிருந்தது. அதற்குள் கதவு திறந்துவிட்டது. கொல்லைப்பக்கம் சங்கிலி இழுபடும் சத்தம்.

மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஒப்படைப்பில் ஏதும் சிக்கலா, கையெழுத்து விட்டுப்போயிற்றா என்று கேட்டார். இல்லை என்றேன். பேரன் எப்படி இருக்கிறான் என்று விசாரிக்க நினைத்தேன். வீட்டை நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று சொல்ல நினைத்தேன். எதுவும் சொல்லவில்லை. என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"மேடம், அவன எனக்குக் குடுங்க."