முகத்துவாரத்தில் வலை இல்லாத நாள்

கூரைக்குப் புது ஓலை மாற்றுவதற்காகப் பரணில் கிடந்ததையெல்லாம் இறக்கியபோது உங்கள் மரத்துண்டு என் காலில் வந்து விழுந்தது. இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளம். வலைக்கண் அளப்பதற்காக நீங்கள் எனக்குக் கொடுத்தது. அடுப்பில் போடத்தான் எடுத்துப்போனேன். அந்த நேரம் பார்த்துப் படகுக்காரர் வாசலில் வந்து நின்று, நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் போடவில்லை. செத்தவர் மேல் கோபம் வைக்காதே என்கிறார் என் வீட்டுக்காரர். உயிரோடு இருந்தபோது காட்டியது எனக்குப் போதவில்லை, சார்.

அறுபதுகளின் கடைசியில் நீங்கள் முதன்முதலாக எங்கள் தீவில் இறங்கினீர்கள். பழவேற்காட்டில் படகு ஏறி, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி சேற்றில் தடுமாறி வந்தது நினைவிருக்கிறது. மீன்துறை ஆபீசர் என்றதும் ஆண்கள் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். எட்டாவது படித்தவள் என்று என்னை உங்களிடம் பேச விட்டார்கள். ஏரியில் வளரும் இறால் குஞ்சு பெரிதாகி, முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போய் முட்டை போட்டால்தான் மறு வருஷம் நமக்கு இறால் என்றீர்கள். அதனால் இரண்டு விரல் நுழையாத வலை கூடாது, வருஷத்தில் இரண்டு மாதம் குஞ்சைத் தொடக் கூடாது. ஊர் ஒத்துக்கொண்டால் வாரம் ஒருநாள் நர்ஸம்மாவோடு மருந்துப் படகு வரும்.

அந்தப் படகு ஆசையில்தான் நான் விழுந்தேன். முந்தின மழைக்காலத்தில் என் பெண் குழந்தை காய்ச்சலோடு என் மடியில், பழவேற்காட்டுக் கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ஏரி நடுவிலேயே அடங்கிப்போனாள். அது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் படகுப் பேச்சை என்னிடம் எடுத்தீர்களா என்று இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன். வீடு வீடாக ஏறி இறங்கினேன். முதலில் தலையாட்டியது என் அண்ணன் ஏழுமலைதான். “உன் கொயந்தைக்காக ஒத்துக்கறேன். அந்தாளு மூஞ்சிக்காக இல்ல,” என்றான்.

அதோடு நீங்கள் நிறுத்தியிருக்கலாம்.

வலை கட்டும் இடத்தை நாங்கள் பாடு என்போம். வருஷத்துக்கு ஒருமுறை அம்மன் கோயில் முன்னால் எல்லார் பெயரையும் சீட்டில் எழுதிப் பானையில் போட்டு எடுப்போம். சீட்டு வந்த வரிசையில் ஆளுக்கு ஒரு பாடு. இன்று முகத்துவாரத்தில் கட்டியவன் நாளை கடைசி இடத்துக்குப் போவான், மற்றவர்கள் ஓர் இடம் முன்னால் நகர்வார்கள். முதல் நாள் யாருக்குச் சேற்றுப் பாடு விழுந்தாலும் சிரித்துக்கொண்டே போவார்கள். எப்படியும் சுற்றி வந்துவிடும்.

உங்களுக்கு அது சூதாட்டம் மாதிரி தெரிந்தது. “தனக்குன்னு ஓர் இடம் இருந்தாத்தான்மா மனுஷன் அதைப் பாத்துப்பான்” என்றீர்கள். எத்தனை முறை சொன்னீர்கள் அதை! இன்னாருக்கு இன்ன இடம் என்று நிரந்தரமாக எழுதி வைத்தால்தான் மேலிடத்தில் மருந்துப் படகுக்குச் சம்மதிப்பார்கள் என்றும் சேர்த்துக்கொண்டீர்கள். அந்த வருஷம் முதல் நாள் யார் எங்கே கட்டினார்களோ, அதையே ஒரு பலகையில் எழுதச் சொன்னீர்கள். ஊர்த்தலைவருக்கு விழுந்திருந்தது முகத்துவாரம், இறால் எல்லாம் கடந்து போகும் இடம். அவர் ஏன் வேண்டாம் என்பார்? அண்ணனுக்கு விழுந்திருந்தது கடைசிப் பாடு, முழங்கால் தண்ணீரும் சேறும். கறுப்புப் பெயின்ட்டைத் தொட்டு எழுதியது என் கைதான். அண்ணன் பெயரைக் கடைசியில் எழுதும்போது ஒரு நிமிஷம் நிறுத்தினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. நிறுத்தவில்லை. என் கண்ணெல்லாம் படகு மேல் இருந்தது.

மருந்துப் படகு சில வாரம் வந்தது. பிறகு டீசல் இல்லை என்றீர்கள், பிறகு நர்ஸம்மா லீவு என்றீர்கள், பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

மறு வருஷம் அண்ணன் வீட்டில் ஒருவேளைதான் உலை வைத்தார்கள். நான் ஒரு பாத்திரத்தில் சோறு கொண்டுபோனேன். “நீ எய்திக் குடுத்த எடத்துல இன்னா இருக்குதுன்னு வந்து பாரு,” என்றான். “நண்டு கூட வர மாட்டேங்குது. சேத்துல நின்னுக்கினு தலைவர் வலையில இறா துள்றதப் பாத்துக்கினு இருக்கறேன்.” சோற்றைத் தொடவில்லை.

பட்டினி கிடந்தவன் கொசுவலையை எடுத்தான். தொடக் கூடாத மாதத்தில், குஞ்சு இறாலைக் கூடை கூடையாக அள்ளினான். தப்புதான். ஆனால் பானைச் சீட்டுப்படி முறை சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் ஏழுமலை கொசுவலையைத் தொட்டவன் இல்லை. தன் முறை வரும் என்று தெரிந்தவன் எதற்குக் குஞ்சை அள்ளுகிறான்? இதை உங்களுக்குச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, எனக்கும்தான்.

நீங்கள் வந்தீர்கள். கோயில் முன்னால், ஊர் கூடி நிற்க, இந்த மரத்துண்டை அவன் வலைக்கண்ணில் நுழைக்கப் பார்த்தீர்கள். நுழையவில்லை. என்னிடம் திரும்பி, “நீயே சொல்லும்மா, விதி என்ன?” என்று கேட்டீர்கள். நான் சொன்னேன். வலையை அங்கேயே மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தீர்கள். அண்ணன் உங்களைப் பார்க்கவே இல்லை, சார். என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த மாதமே கும்மிடிப்பூண்டிக்குப் போய்விட்டான். இப்போது இரும்புப் பட்டறையில் வேலை. ஒருமுறை பார்க்கப் போனேன். தண்ணீரில் ஊறியே கிடந்த கை, நெருப்புப் பட்டுத் தோல் உரிந்திருந்தது. அண்ணி மீன் வாங்குவதில்லையாம், அவன் வேண்டாம் என்கிறானாம். “ஊருக்கு வாண்ணா” என்றேன். “எந்த எடத்துக்கு?” என்றான்.

வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன நீங்கள் சில வருஷம் கழித்து ஒருநாள் காலையில் பழவேற்காட்டுத் துறையில் வந்து நின்றீர்கள். எனக்குச் சொல்லி அனுப்பினீர்கள்: “பலகை என் தப்பு. பானையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள். நானே வந்து ஊரில் சொல்கிறேன், படகு அனுப்புங்கள்.” வெயிலில் நிக்கட்டும் என்றேன். சாயங்காலம் வரை நின்றீர்களாம். நான் அனுப்பவில்லை. நீங்கள் சொன்னதையும் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. எரித்த இடத்தில் வந்து நல்லவராகி விட்டுப் போக வழி செய்துகொடுக்க எனக்கு மனம் வரவில்லை, இப்போதும் வரவில்லை.

ஆனால் மறுவாரம் கடப்பாரையை எடுத்துப்போய்ப் பலகையை நெம்பினேன். தலைவர் ஓடிவந்தார். “இன்னாம்மா பண்ற? கவர்மென்ட் பலகை அது!”

“எய்துனது நானு. நானே எடுக்கறேன்.”

சேற்றுப் பாடு விழுந்தவர்கள் எல்லாரும் என் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். அவர் அடங்கிவிட்டார். பானை திரும்ப வந்தது. அண்ணன் பெயரையும் எழுதிப் போட்டேன். ஊரில் இல்லாதவனுக்கு எதற்குச் சீட்டு என்று கேட்டார்கள். “அவன் தானா போவல. நாமதான் அனுப்பிச்சோம்,” என்றேன். சீட்டு பானையிலேயே இருந்தது.

அண்ணன் முறை முகத்துவாரத்துக்கு வருகிற நாளில் அங்கே யாரும் வலை கட்டுவதில்லை. பிறத்தியார் பாடு மேல் கை வைப்பது எங்களிடம் கிடையாது. நான் கரையில் போய் உட்கார்ந்து பார்ப்பேன். வற்றத்தில் ஏரித் தண்ணீர் கடலுக்கு இறங்கும்போது இறால் கூட்டம் கூட்டமாக, தடுக்க ஆளில்லாமல், கடலுக்குப் போகும். நீங்கள் கேட்டது இதுதானே? என் அண்ணனை அவன் தண்ணீரில் விட்டுவைத்தே இதைக் கேட்டிருக்கலாம், நாங்கள் கொடுத்திருப்போம்.

நாளைக்குச் சீட்டு எடுக்கிறார்கள். சீட்டுக்கான தாளின் மேல் உங்கள் மரத்துண்டை வைத்துக் கிழிக்கிறேன், இரண்டு விரல் அகலம் சரியாக வருகிறது. முதல் சீட்டில் ஏழுமலை என்று எழுதியிருக்கிறேன்.