கழிவுக் குழாயில் பூச்சியம்

திங்கள்

கச்சான் காற்று. வாவிக்கரை முழுக்கப் புழுதி. வவுணதீவுக்கு அப்பால் றால் பண்ணையில் வேலை தொடக்கம். குளங்களிலிருந்து வாவிக்குள் விடும் கழிவுத் தண்ணீர் எவ்வளவு என்று தெரிய வேண்டுமாம், மேலிடத்து உத்தரவு. குழாயில் சென்சர், வெளிச்சுவரில் மொனிற்றர். வெள்ளிக்கிழமை அதிகாரிகள் வருகிறார்கள்.

இவர் குழாய் வேலை, நான் வயரும் செற்றிங்கும். கல்யாணம் கட்டியதிலிருந்து அப்படித்தான். முதலாளி இவருக்குக் கதிரை போட்டார். என்னிடம், "தங்கச்சிக்குக் குடிக்க என்ன?" அவ்வளவுதான் பேச்சு.

செவ்வாய்

பம்ப் நின்ற பிறகும் திரையில் எண் துள்ளுகிறது. சென்சர் வயரை மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார் இவர். அவசரமாம். அவிழ்த்து, தள்ளி இழுத்து, உறைக் கம்பியை ஒரு முனையில் மட்டும் ஏர்த் பண்ணினேன். அடங்கியது. விரலில் வெட்டு.

முதலாளி வந்து இவர் தோளில் தட்டினார். "நல்லாச் செஞ்சிரிக்கீங்க ரவி." இவர் சிரித்தார். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

தேங்காய் வாங்க மறந்துவிட்டேன்.

புதன்

செற்றிங். குழாயின் விட்டம், அலகு எல்லாம் கொடுத்தாயிற்று. இதில் ஓர் எல்லை வைக்கலாம்; அதற்குக் கீழே ஓடினால் பூச்சியம் காட்டும். சின்ன அதிர்வைத் தண்ணீர் என்று எண்ணாமல் இருக்கத்தான். மிகக் குறைவாக வைத்தேன். தண்ணீரைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தேன், மெல்லிய ஓட்டத்துக்கும் எண் வந்தது. சந்தோசம்.

அம்மாவின் தம்பி, மாமா, தோணியைக் கரையோரம் கொண்டுவந்தார். இந்தப் பக்கம் மீன் செத்து மிதக்கத் தொடங்கியதிலிருந்து அவருக்கு நிம்மதி இல்லை.

"என்ன புள்ள, இவனுகள் எவ்வளவு விடுறானுகள் எண்டு எங்களுக்கும் தெரியுமா?"

"ஓம் மாமா. தோணியில இரிந்தே பாக்கலாம்."

வியாழன்

மகளின் பள்ளிக்கூடத்தில் கூட்டம். இவர் தனியாகப் பண்ணைக்கு. "சும்மா, கடைசியா ஒருக்காப் பாத்திட்டு வாறன்." கோழிக்கறியோடு வந்தார். காரணம் கேட்கவில்லை நான். மடைச்சி.

வெள்ளி

அதிகாரிகள் வந்தார்கள். குழாய் வாயில் தண்ணீர் மண்ணிறமாக, நுரையோடு ஓடுகிறது. திரையில் பூச்சியம்.

வயர் கழன்றதோ என்று ஓடிப் பார்த்தேன். எல்லாம் சரி. எல்லையைத்தான் யாரோ தூக்கி வைத்திருக்கிறார்கள். குறைக்கப் போனால் கடவுச்சொல்லும் மாற்றம். இவரைப் பார்த்தேன். இவர் வாவியைப் பார்த்தார்.

"சேர், திரையை விடுங்க, குழாயைப் பாருங்க" என்றேன். அதிகாரி குழாயைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தார்.

"அவவுக்கு இன்னும் பழக்கமில்ல சேர்" என்றார் இவர்.

பழக்கமில்லையாம். எல்லாருக்கும் செவ்விளநீர் வந்தது. நான் தொடவில்லை.

வீட்டில் கேட்டேன். "மற்றப் பண்ணை வேலையும் நமக்குத்தான் எண்டிட்டார் முதலாளி. புள்ளைக்காகத்தானே." பிள்ளையின் தலையில் போட்டுவிட்டார்.

சனி

வெயில். காலையில் கரைக்குப் போனேன். மாமா வலையில் சிக்கிய சல்லுப் பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பூச்சியத்த நம்பாதீங்க மாமா."

கை நின்றது. "நம்மட புள்ள பூட்டினது, பொய் சொல்லாதெண்டு மீன்பிடிச் சங்கத்தில எல்லாருக்கும் சொல்லிப்போட்டனே. மறுகா நான் என்னெண்டு சொல்ல?"

"நான் பூட்டினதுதான். மாத்தினது இவர். அப்படியே சொல்லுங்க."

மாமா வலையைக் கீழே வைத்தார். "வீட்டில பிரச்சினை வருமே புள்ள."

"வந்திட்டு மாமா."

பத்து வருட வாழ்க்கையில் இவரை வெளியில் விட்டுக்கொடுத்தது இதுதான் முதல் முறை. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

பின்னேரம். இவர் முற்றத்தில் மோட்டார் சைக்கிள் கழுவுகிறார். கேற்றில் நாலைந்து பேர், "ரவி, ஒருக்கா இஞ்ச வாங்க." சங்கத்து ஆட்கள். இவர் தண்ணீரை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுகிறார்.

நான் எழும்பவில்லை.