பத்தர் வீட்டு இரும்புப் பெட்டி

24 ஆகஸ்ட் 1957, சனி
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. இரும்புப் பெட்டியும் திறக்கவில்லை.

சாவி கிடையாது, நம்பர் திருகுகிற பூட்டு. உள்ளே, வேலாயுதம் அண்ணன் பொன் கொடுத்து மகளுக்குச் செய்யச் சொன்ன தாலி. வெள்ளிக்கிழமை கல்யாணம். நம்பர் தெரிந்த ஒரே ஆள் என் வீட்டுக்காரர், நகைப் பட்டறையில் ஊதுகுழலைப் பிடித்தபடியே சரிந்து போனார். காரியம்கூட இன்னும் முடியவில்லை.

பிள்ளைகள் பிறந்த தேதி, எங்கள் கல்யாண நாள், வீட்டு நம்பர், சைக்கிள் நம்பர். எதற்கும் அசையவில்லை. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு முதுகைக் காட்டி உட்காருவார். கட்டின பெண்டாட்டியிடம் சொன்னால் என்ன குறைந்து போயிருக்கும்?

25, ஞாயிறு
தம்பி ராஜு பெட்டியில் காதை வைத்துத் திருகிப் பார்த்தான். "டிக்குன்னு கேக்கும்னாங்கக்கா." ஒன்றும் கேட்கவில்லை. வெளியே மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கொடி கட்டுகிறவர்கள் சத்தம்.

வாங்க வேண்டியது: அரிசி, விளக்கெண்ணெய், சின்னவனுக்கு இருமல் மருந்து.



26, திங்கள்
வேலாயுதம் அண்ணன் வந்தார். உள்ளே வராமல் ரோட்டில் நின்று கத்தினார். "பத்தரு என் பொன்ன வித்துத் தின்னுட்டாரு. பெட்டி தொறக்கலன்னு சாக்கு சொல்றீங்க." காஜா பெராங் ரோடே நின்று கேட்டது. செத்த மனுஷரைத் திருடன் என்கிறார். உள்ளே போய்ப் பெட்டியைக் குத்தினேன். கை வீங்கிவிட்டது.

பக்கத்து வீட்டுச் சிவகாமி அக்கா மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டார். தலைமுறையாக மலாய் பேசுகிற செட்டிக் குடும்பம், தமிழ் வராது. "சாபார், சாபார்" என்றார். பொறுமையாம். அதற்கு எங்கே போவது?

யாரிடமும் சொல்லாத பயம் ஒன்று: உள்ளே தாலி இல்லாவிட்டால்?

27, செவ்வாய்
பெண்டஹாரா ரோடு பக்கம் பூட்டுக்காரச் சீனரைப் பிடித்தான் ராஜு. துளை போட்டால் பெட்டி வீணாகுமாம். ஆகட்டும். நாளை வருகிறார்.

வேலாயுதம் அண்ணனுக்கும் சொல்லி அனுப்பியாயிற்று. ராஜு வேண்டாம் என்கிறான். முதலில் நாம் பார்ப்போமாம். முடியாது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் கண் முன்னால்தான்.

28, புதன்
நல்ல வெயில். மதியம் திறந்தது. மஞ்சள் துணி முடிச்சு, அதற்குள் தாலி. மெருகுகூடப் போட்டு முடித்திருக்கிறார். நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

நான் தாலியைத் தொடக்கூடாது. சிவகாமி அக்காதான் எடுத்துக் கொடுத்தார். வேலாயுதம் அண்ணன் கையோடு கொண்டுவந்த தராசில் நிறுத்தார். "சரியா இருக்கும்மா," என்றார், மெதுவாக.

"ரோட்டுல போய்ச் சொல்லுங்கண்ணே. அன்னிக்குக் கத்துனீங்களே, அதே சத்தத்துல."

போனார். சொன்னார். எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து கேட்டார்கள்.

திரும்பி வந்து துணியை முடிந்துகொண்டே சொன்னார்: "எழவு வீட்டுல கெடந்தது, பொண்ணு கழுத்துல ஏற வேணாம்னு வீட்டுல சொல்றாங்கம்மா. வேற பத்தருகிட்ட இன்னிக்கே குடுத்து உருக்கிச் செய்யப் போறோம்."

என் வீட்டுக்காரர் கடைசியாகச் செய்த வேலை. இன்னும் கொஞ்ச நேரம் இங்கே இருக்கட்டுமே என்று கேட்டேன். அண்ணன் மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.