முழங்கையில் நெறி கட்டியது

பினாங்கு
1934, தைப்பூசம் கழிந்த வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய என் கணவர் அவர்களுக்கு, புஷ்பவள்ளி வணங்கி எழுதுவது.

நானும் நவமணியும் இருக்கிறோம். நலம் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டால் மீதியை எழுதக் கை வராது. அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். முழுவதும் படித்துவிட்டுப் பிறகு கவலைப்படுங்கள்.

செட்டியார்கள் தங்கும் கிட்டங்கியில் சமையல் வேலைக்கு ஓய்வே இல்லை என்று தீபாவளிக்கு நீங்கள் வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. நீங்கள் இருக்கும் மேடானுக்கும் பினாங்குக்கும் நடுவே ஓர் இரவுக் கப்பல்தான். செட்டியார்கள் ஒரு வாரம் வேறு ஆள் கையால் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும் என்று எனக்குக் கோபம். நீங்கள் அனுப்பிய பாவாடைத் துணி வந்து சேர்ந்தது. பிள்ளை அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

பூசத்துக்கு முன்பு ஒரு நாள் அவளுக்குத் தலைக்கு ஊற்றினேன். தேய்க்கும்போது வலது கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பார்த்தால் முழங்கையின் உள்பக்கம், துருத்திய எலும்புக்குச் சற்று மேலே, வேப்பங்கொட்டை அளவில் ஒரு கட்டி. தோல் சிவக்கவில்லை. அமுக்கினால் வலிக்கிறது என்றாள். எப்போதிருந்து என்று கேட்டால் தெரியாது என்கிறாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விளையாட்டில் எது தெரிகிறது?

குழாயடியில் நின்ற பெண்கள் பார்த்துவிட்டார்கள். நம் வரிசையின் கடைசி வீட்டுத் தட்டாரைப் போன வருஷம் ஜெரஜாக் தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் அல்லவா? அவருக்கும் முதலில் முழங்கையில்தான் தடித்தது என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் குடங்களைத் தூரமாக நகர்த்தி வைத்தார்கள். பெருநோய் என்ற வார்த்தையை யாரும் வாயால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டைக்காவது போயிருப்பேன்.

பிள்ளையை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். அவளுக்குத் தனித் தட்டு, தனிப் பாய். பூசத்தன்று காவடிச் சத்தம் தெருவில் போகிறது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்து வீட்டு நூர் பீவி அக்கா அதைப் பார்த்துவிட்டு நேராக உள்ளே வந்தார். "புள்ளயப் பூட்டி வச்சா கட்டி கரைஞ்சிருமாலா? கடைத்தெருப் பக்கம் ரஹீம் டாக்டர் இருக்காரு, தமிழ் பேசுவாரு. கெளம்பு, நானும் வர்றேன்" என்று சொல்லி, என்னைக் கேட்காமலே நவமணியின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கட்டி இருந்த கையைத்தான் பிடித்தார். நான் தொடப் பயந்த கை அது.

டாக்டர் அப்துல் ரஹீம் சிங்கப்பூரில் படித்தவராம். வயது அதிகம் இல்லை. அவர் கட்டியை முதலில் பார்க்கவில்லை. பிள்ளையின் கையைக் குலுக்கிப் பேர் கேட்டார். அப்படியே முழங்கையை மடக்கித் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு மற்றக் கை விரலால் தேடினார். கட்டி அவர் விரலுக்கு அடியில் கோலிக்குண்டு போல உருண்டு நழுவியது. "காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அதுபோல இது கைக்கு. சுண்டுவிரல், மோதிர விரல் பக்கம் ஏதாவது விஷம் ஏறினால் முதலில் இங்கேதான் வந்து நிற்கும்" என்றார். பிறகு அந்த இரண்டு விரல்களையும் பூதக்கண்ணாடியால் பார்த்தார். மோதிர விரலின் ஓரத்தில் காய்ந்துபோன ஒரு கீறல், அதன் பக்கத்தில் கொப்புளம் உடைந்து ஆறிய தழும்பு. பூனை வளர்க்கிறாயா என்று அவளைக் கேட்டார். நூர் பீவி அக்கா வீட்டுக் குட்டியைத் தூக்கப்போய் அது பிறாண்டியதை அப்போதுதான் சொல்கிறாள்!

அதோடு அவர் விட்டுவிடவில்லை. மற்ற முழங்கை, கழுத்து, அக்குள், தொடை இடுக்கு எல்லாம் தடவிப் பார்த்தார். வயிற்றை அமுக்கினார். சாயங்காலத்தில் காய்ச்சல் அடிக்கிறதா, இருமல் உண்டா, மெலிந்தாளா என்று கேட்டார். இரண்டு முழங்கையிலும் நெறி இருந்திருந்தால் மேகநோய் உண்டா என்று தாய் தகப்பன் ரத்தத்தைக்கூடச் சோதிக்க நேரும் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். எனக்குத் தலை நிமிரவில்லை. நல்லவேளை, மற்றக் கையில் ஒன்றும் இல்லை. சில வாரங்களில் வற்றிவிடும், வற்றாமல் பெருத்தால் அறுத்து எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

நான் தயங்கித் தயங்கி அந்த நோயைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. முழங்கை எங்காவது இடித்தால் சுண்டுவிரல் வரைக்கும் சுரீர் என்று ஓடுமே, அந்த நரம்பு எலும்புக்குப் பின்பக்கம் இருக்கிறதாம். பெருநோய் அந்த நரம்பில்தான் போய் உட்காருமாம். உட்கார்ந்தால் நெறி மாதிரி உருண்டையாக இருக்காது, முறுக்கிய கயிறு மாதிரி தடித்து நிற்கும் என்றார். என் விரலைப் பிடித்து நவமணியின் நரம்பின்மேல் வைத்துக் காட்டினார். மெல்லியதாக இருந்தது. பிறகு அவளைக் கண்ணை மூடச் சொல்லி, சுடுதண்ணீர்க் குப்பியையும் குளிர்ந்த குப்பியையும் மாறி மாறி விரலில் வைத்தார். ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னாள்.

குப்பிகளைத் துடைத்துக்கொண்டே அவர் கேட்டார்: "வீட்டில் யாராவது சூடு தெரியாமல் கையைச் சுட்டுக்கொள்கிறார்களா? சுண்டுவிரல் மடங்கிப் போனவர் உண்டா?"

இல்லை என்று சொன்னேன்.

வழியெல்லாம் நூர் பீவி அக்கா பேசிக்கொண்டு வந்தார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. சித்திரையில் நீங்கள் வந்திருந்தபோது கொதிக்கிற சோற்றுப் பானையைத் துணி இல்லாமல் தூக்கி இறக்கினீர்கள். விரல் ஓரம் வெந்து தோல் உரிந்தது. நான்தான் அலறினேன், நீங்கள் சமையல்காரன் கை என்று சிரித்தீர்கள். புறப்படும் அன்று சட்டைப் பொத்தான் போட முடியாமல் என்னைப் போடச் சொன்னீர்கள். நான் அதை ஆசை என்று நினைத்தேன். தோளுக்குக் கீழே வெளுத்திருந்த இடத்தைத் தேமல் என்று நினைத்தேன்.

மறுநாள் தனியாக டாக்டரிடம் போனேன். நேற்று இல்லை என்று சொன்னது பொய் என்றேன். அவர் என்னை உட்காரவைத்து என் நரம்பையும் தோலையும் பார்த்தார். எனக்கு ஒன்றும் இல்லையாம். உங்களைப் பார்க்காமல் எதுவும் சொல்ல மாட்டேன் என்றார். அந்த நோய்தான் என்றால் சட்டப்படி அறிவிக்காமல் இருக்க அவரால் முடியாதாம். அதையும் என்னிடம் மறைக்கவில்லை. ஆனால் சீக்கிரம் வந்தால் மீதி விரல்களைக் காப்பாற்றலாம், தாமதித்தால் முடியாது என்றார்.

நீங்கள் ஏன் இரண்டு பண்டிகைக்கும் வரவில்லை என்று இனி நான் கேட்கப்போவதில்லை. வந்துவிடுங்கள். என்னவாக இருந்தாலும் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்நோக்கும்
புஷ்பவள்ளி

—

மேடான்
மாசி மாதம்

அன்புள்ள வள்ளிக்கு நல்லமுத்து எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. பிள்ளையின் கட்டி உருண்டு நழுவியது என்று எழுதியிருக்கிறாய். டாக்டர் அதை உறுதியாகச் சொன்னாரா? குப்பிகளை அவள் ஒரு தடவைகூட மாற்றிச் சொல்லவில்லையா? இதை மட்டும் எனக்கு மறுபடி எழுது. எனக்கு அதுதான் வேண்டும்.

ஆடியிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சுண்டுவிரலில் முள் ஏறி இருந்ததை ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கே கரண்டியைக் கீழே வைத்தேன். கண் மங்கலாகிவிட்டது என்று முதலாளியிடம் பொய் சொல்லி அடுப்படியை வேறு ஆளிடம் விட்டேன். இப்போது கிட்டங்கி வாசலில் காவலுக்கு இருக்கிறேன். என் தட்டையும் குவளையையும் தனியே வைத்திருக்கிறேன். யாரும் கவனிக்கவில்லை.

நான் திரும்பி வராமலே இருந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். இவன் அங்கே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான் என்று ஊர் பேசினால் பேசட்டும். அது பிள்ளைக்கு ஒட்டாது. இந்தப் பேர் ஒட்டும்.

நீ பொய் சொன்னதைத் திருத்தப் போனாய் என்று படித்தேன். வள்ளி, உனக்கு இருக்கிற தைரியம் எனக்கு இல்லை.

அடுத்த வாரக் கப்பலில் வருகிறேன். துறைமுகத்துக்கு வராதே. பிள்ளையை அழைத்து வராதே. நேராக டாக்டரிடம் போய்விடுகிறேன் என்று அவரிடம் சொல்லி வை. நீ கும்பிடும் முருகன் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

நல்லமுத்து

—

பினாங்கு
ஆவணி மாதம்

என் உயிருக்கு நிகரான கணவர் அவர்களுக்கு, புஷ்பவள்ளி வணங்கி எழுதுவது.

நீங்கள் இருக்கும் தீவுக்குப் போகும் மருந்துப் படகில் கடிதம் கொடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். இந்த முறை முதல் வரியிலேயே எழுதுகிறேன்: நலம். நவமணியின் நெறி சுத்தமாக வற்றிவிட்டது. என் விரலால் தேடினேன், அகப்படவில்லை. டாக்டரும் தேடிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று அவள் கையை விட்டார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார். போவோம். நீங்கள் இனி என்னிடம் அதைக் கேட்க வேண்டியதில்லை.

துறைமுகத்துக்கு வராதே என்று எழுதினீர்கள், நான் வரவில்லை. டாக்டர் வீட்டு வாசலில் நின்றேன். அங்கே நிற்காதே என்று நீங்கள் எழுதவில்லை. அவர் உங்கள் முழங்கைக்குப் பின்னால் விரலை வைத்ததும் பேச்சை நிறுத்தினாரே, அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. காது மடலைக் கீறி எடுத்துக் கண்ணாடியில் பார்த்தது எல்லாம் பிறகுதான். நீங்கள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, எப்போது அழைத்துப் போவார்கள் என்று மட்டும் கேட்டீர்கள்.

பழைய வீட்டைக் காலி செய்துவிட்டேன். காலி செய்யச் சொன்னார்கள் என்று எழுத விருப்பமில்லை. நூர் பீவி அக்கா தன் வீட்டின் பின்கட்டை ஒழித்துக் கொடுத்தார். அவருடைய சொந்தக்காரர்கள் வந்து முணுமுணுத்தபோது, "டாக்டரே பாத்துட்டு ஒண்ணும் இல்லேன்னுட்டாரு, நீங்க எந்த ஆஸ்பத்திரில படிச்சீங்க?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். நான் தையல் எடுத்துச் செய்கிறேன். யார் தைத்தது என்று சொல்லாமல் அக்காதான் கொண்டுபோய்க் கொடுக்கிறார். அது எனக்கு வருத்தம்தான். இருந்தாலும் நாள் நகர்கிறது.

அப்பா மேடானில் இருக்கிறார் என்று சொல்லிவிடு, பிள்ளை நம்பிவிடும் என்று பலரும் சொன்னார்கள். ஒருத்தி, இறந்துவிட்டதாகவே சொல்லிவிடு, கல்யாணத்துக்கு நல்லது என்றாள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். நான் நவமணியிடம் உள்ளதைச் சொன்னேன். உனக்குக் கையில் வந்தது வேறு, அப்பாவுக்கு வந்தது வேறு. உன்னுடையது தானாகப் போய்விட்டது, அப்பாவுடையது மருந்துக்கும் மெதுவாகத்தான் அசையும் என்றேன். அப்பாவுக்கு வலிக்குமா என்று கேட்டாள். வலிக்காது, அதுதான் அந்த நோய் என்றேன். அதன் பிறகுதான் அழுதாள்.

நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகப் போடும் அன்று காய்ச்சல் வருகிறது, போட்ட இடம் வீங்குகிறது, அதனால் இரண்டு வாரம் போட்டுக்கொள்ளவில்லை என்று கேள்விப்பட்டேன். அப்படிச் செய்யாதீர்கள். எல்லாருக்கும் குணமாகிறது என்று டாக்டர் சொல்லவில்லை. சிலருக்கு நின்றுவிடுகிறது என்றார். அந்தச் சிலரில் ஒருவராக நீங்கள் இருக்கக் கூடாதா? அடுப்பு, விளக்கு, வெயிலில் கிடந்த இரும்பு எதையும் தொடும் முன் கண்ணால் பாருங்கள். உங்கள் கைக்குத் தெரியாததை இனிக் கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

போன மாதம் பார்க்க விடும் நாளில் பத்து ஊபான் என்னும் ஊர்க் கரையிலிருந்து சம்பான் படகில் வந்தேன். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் மற்றவர்கள் எல்லாரும் வந்து நின்றார்கள். நீங்கள் தூரத்தில் தென்னை மரத்தடியில் முதுகைக் காட்டி நின்றீர்கள். உங்களை எனக்கு முதுகிலும் தெரியும். மணி அடித்து எங்களை அனுப்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

வருகிற மாதம் நவமணியையும் அழைத்து வருகிறேன். வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கலாம் என்று டாக்டர் அனுமதி வாங்கிக் கொடுத்திருக்கிறார். புதுப் பாவாடையை அன்றைக்குத்தான் கட்டுவாளாம். அவள் சத்தம் போட்டுக் கூப்பிடுவாள். கடல் காற்றில் காதில் விழவில்லை என்று இருந்துவிடாதீர்கள். கிட்டே வர மனம் இல்லை என்றால் வர வேண்டாம், அந்த மரத்தடியிலேயே இருங்கள். பேச வேண்டாம். பிள்ளை கூப்பிடும்போது திரும்பி மட்டும் பாருங்கள்.

என்றும் உங்கள் மனைவி,
புஷ்பவள்ளி