பதினேழாம் கிணற்றுக்கு வந்த தண்ணீர்

இரும்புலியூர்,
12.2.2008

அன்புள்ள மச்சானுக்கு, ஸலாம்.

இருமல் நின்றதா? உங்கள் ஜியாலஜிஸ்ட் சத்தியநாதன் வரைந்த நிலத்தடிப் படம் சரிபார்க்க எங்கள் சிறுசேரி ஆபீஸுக்கு வந்தது. பழைய எண்ணெய் வயலில் மிச்ச எண்ணெயைத் தள்ளத் தண்ணீர் இறக்குவது சரிதான். ஆனால் தண்ணீர் இறக்கும் புதுக் கிணற்றுக்கும் எண்ணெய் எடுக்கும் பதினேழாம் கிணற்றுக்கும் நடுவே பருமணல் அடுக்கு ஓடுகிறது. அவரே சிவப்பில் குறித்திருக்கிறாரே. தண்ணீர் அந்த வழியாக ஓடிவிடும், எண்ணெய் அப்படியே கிடக்கும். புதுக் கிணற்றைத் தெற்கு ஓரத்துக்கு மாற்றுங்கள். 

உங்கள் ஷபீனா


ஓமன் முகாம்,
3.3.2008

அன்புள்ள ஷபீனா,

சிறுசேரியில் ஏசிக்குள் உட்கார்ந்து கிணறு வெட்டுவது சுலபம். இங்கே தண்ணீர்க் குழாய் வடக்கே போகிறது. தெற்கே இழுக்க ஆறு மாதமாகும். ஏப்ரலில் கம்பெனிப் பெரியவர்கள் வருவதற்குள் கிணறு ஓட வேண்டும். பழைய இடத்துக்கே கையெழுத்துப் போட்டுவிட்டேன். சத்தியநாதனும் உன்னைப் போலவே முணுமுணுக்கிறார். வீட்டில் ஒன்று, முகாமில் ஒன்று என்று எனக்கு இரண்டு வாத்தியார்! மீன் ஊறுகாய் தீர்ந்துவிட்டது. யாராவது வந்தால் கொடுத்தனுப்பு.

அன்புடன்,
முஸ்தபா


ஓமன் முகாம்,
20.9.2008

ஷபீனா,

இதைக் கம்பெனி மெயிலில் எழுத முடியாது. பதினேழில் நூறு பீப்பாய் ஏறினால் தொண்ணூறு தண்ணீர். விசாரணை வைத்திருக்கிறார்கள். சத்தியநாதன் படத்தில் அந்த அடுக்கே இல்லை என்று சொல்லி, அது இல்லாத பிரதியைக் கொடுத்திருக்கிறேன். உங்கள் ஆபீஸையும் கேட்பார்கள். நீயும் அப்படியே எழுது. அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை, வேறு வேலை கிடைக்கும். எனக்கு ஐம்பத்து நான்கு.

முஸ்தபா


இரும்புலியூர்,
9.10.2008

மச்சான்,

நேற்று சத்தியநாதன் மனைவி தனம், பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள். உட்காரவே இல்லை.

"அவரு படத்துல அது இல்லவே இல்லைன்றாங்களாம். இன்னாக்கா இது? ஆனா அவரு, 'முஸ்தபா சாருக்குத் தெரியும், அவரு உண்மையைச் சொல்லிடுவாரு, நீ பேஜார் ஆகாதே'ன்னு போன்ல எனக்கே தைரியம் சொல்றாரு."

டீ போட்டுக் கொடுத்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இன்று காலை எங்களிடமிருந்த பிரதியை இணைத்து, அடுக்கு அதில் குறிக்கப்பட்டிருந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டு விசாரணைக்கு அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது அது அங்கே எல்லோரும் படித்ததாக இருக்கும். முதலில் உங்களுக்குத்தான் போனில் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் குரலைக் கேட்டால் எழுதியதை மாற்றிவிடுவேன் என்று பயந்தேன்.

ஷபீனா